கருவி இல்லாத இரண்டு நாட்கள்

என் தங்கை மருந்துக் கிடங்கில் சேர்ந்தது முதல் அவளுக்கு வந்த தாள்கள் அனைத்தும் தேதிவாரியாக என்னிடம் உள்ளன. நியமன ஆணை ஒன்று, குறிப்பாணை மூன்று. பாராட்டுக் கடிதம் இல்லை.

கிடங்கில் நான்கு குளிர் அறைகள். அறைக்கு ஓர் ஊழியர், ஒரு வெப்பமானி, ஒரு பதிவேடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. காலையில் வந்ததுமே மாலை வரைக்குமான கட்டங்களை நிரப்பிவிடுவது வழக்கம். நான்கு டிகிரி, ஐந்து, நான்கு, நான்கு. என் தங்கை வந்த பிறகு அதற்குக் 'காலை ஜெபம்' என்று பெயரும் சூட்டினார்கள். அவளுக்கு வைத்த பெயர் 'மதர்'. அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு.

நான்காம் அறையில் அவள் பார்த்ததை எழுதினாள். சரக்கு ஏற்றக் கதவு திறந்திருந்தால் ஒன்பது. வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் 'பார்க்கவில்லை'.

மூன்றாம் அறைக்காரர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். வாலிபர் கூட்டத்தில் கீபோர்டு வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மையைப் பற்றிக் குரல் தழுதழுக்கப் பேசுவார். அவளைத் திருத்தும் பொறுப்பு அவரிடமே விடப்பட்டது.

"மதர், கர்த்தர் இருதயத்தைத்தான் பார்ப்பார். ரிஜிஸ்டரை இல்ல."

"அப்போ ரிஜிஸ்டரை யாருண்ணே பார்ப்பாங்க?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. அதைத்தானே சொல்றேன்."

அவள் திருந்தவில்லை. மூவரும் அவளை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். தேநீர் வேளையில் நாற்காலிகள் எப்படியோ மூன்றாகவே இருந்தன. இதற்கு என்னிடம் ஆவணம் இல்லை. அவள் முகம் மட்டுமே சான்று.

ஓராண்டுப் பயிற்சிக் காலம் குறையின்றி முடிந்தால்தான் வேலை நிரந்தரமாகும். பத்தாம் மாதம் ஆய்வாளர் வந்தார். மூன்று பதிவேடுகளின் சீரைக் கண்டு மகிழ்ந்தார். நான்காவது அவரை வருத்தியது. முதல் குறிப்பாணை: 'அளவுகளில் ஏற்ற இறக்கம் மிகுதி. சக ஊழியர்களின் பதிவேடுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்.' அவள் கொடுத்த விளக்கம் ஒரே வரி: 'ஒன்பது இருந்ததால் ஒன்பது என்று எழுதினேன்.' இரண்டாவது குறிப்பாணை பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டித்தது.

அந்த ஆறு மாதத்துக்குள் நான்கு வெப்பமானிகளும் சோதனைக்காக இரண்டு நாள் வெளியே அனுப்பப்பட்டன. அவை போனதற்கும் வந்ததற்கும் ரசீது உண்டு. அடுத்த ஆய்வில் அந்த ரசீதைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். அவ்விரு நாட்களிலும் மூன்று அறைகள் நான்கு, ஐந்து, நான்கு என்று குளிர்ந்திருந்தன. நான்காவதில் மட்டும் 'கருவி இல்லை'.

விசாரணைக்கு முந்தைய நாள் கீபோர்டு அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"ஸ்பேர் வெப்பமானி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லும்மா. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீ பொய் சொல்ல மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும்."

இந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருப்பது அவருக்குத் தட்டுப்படவில்லை. அவள் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

விசாரணையில் அவள் நடந்ததைச் சொன்னாள். மற்றவர்கள் முன்கூட்டியே எழுதுவது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றாள். ஏன் தெரிவிக்கவில்லை என்றதற்கு, பயம் என்றாள். மூவருக்கும் எச்சரிக்கை. அறிந்தும் தெரிவிக்காத குற்றத்துக்கு அவளுக்கும் அதே எச்சரிக்கை, மூன்றாவது குறிப்பாணையாக. பயிற்சிக் காலம் மேலும் ஆறு மாதம்.

நான் விடவில்லை. மேல்முறையீடு எழுதுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. என் சொந்த விவகாரத்தில் இதுவரை பதினாறு எழுதியுள்ளேன். பதில் வந்தது இரண்டுக்கு. அவளுக்காக, இணைப்புகளோடு பதினொரு பக்கம் தயாரித்தேன். கையெழுத்திட வேண்டியது மட்டுமே பாக்கி. ஏழாம் பக்கத்தில் அவள் நின்றாள்.

"அண்ணா, மத்தவங்க எழுதினது எனக்குத் தெரியாது, விசாரணையில பயந்துபோய்த் தெரியும்னு சொல்லிட்டேன்னு போட்டிருக்க."

"அந்த ஒரு வரி இல்லாம மனு நிக்காதும்மா. ஒரே ஒரு வரி."

"கீபோர்டு அண்ணனும் ஒரே ஒரு வரிதான் கேட்டார்." பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினாள். "மூணு மெமோவில இது ஒண்ணுதான் நியாயமானது. நான் சொல்லியிருக்கணும்."

மனு இன்னும் என் கோப்பில், கையெழுத்தில்லாமல் இருக்கிறது.

அவள் இன்னும் பயிற்சி ஊழியர்தான். தேநீர் வேளையில் இப்போது நாற்காலி நான்கு. மற்ற மூவரும் பாடம் கற்றுவிட்டதாக அவளே சொன்னாள். காலையில் வந்ததும் நான்கு, ஆறு, ஐந்து, ஒன்பது என்று எழுதிவிடுகிறார்களாம். வாரத்துக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக் கட்டத்தில், 'பார்க்கவில்லை'.