நடு சென்டர் கேட்காமல் விட்ட கேள்வி

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது மனைவியின் தம்பி. ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். மனிதர் கையை அப்படியே நிறுத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "உனக்கு எப்படித் தோணுது?" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த மச்சானுக்குப் புரையேறிவிட்டது. "அக்கா, மாமா சாதாரண ஆள் இல்ல. நட்ட நடு சென்டர்!"

பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டிலிருந்து தெருவுக்குப் போய், தெருவிலிருந்து அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடுமே!

பிழைப்பே அதுதான். படிப்பில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு திட்டம் போடுவார்கள். பெற்றோரும் பள்ளிக்காரர்களும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இந்தப் பிள்ளை என்ன கற்கும், யார் துணை இருப்பார்கள், என்ன வசதி வேண்டும் என்று பேசி முடிவெடுக்க வேண்டும். சில இடங்களில் பேசுவார்கள், முடிவு மட்டும் வராது. குரல் ஏறும், அம்மா அழுவாள், அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். அப்படிப்பட்ட இடங்களுக்குக் கல்வி அலுவலகம் நடு சென்டரை அனுப்பும். அவர் பெற்றோர் பக்கமும் இல்லை, பள்ளி பக்கமும் இல்லை. தீர்ப்புச் சொல்ல அதிகாரம் கிடையாது, அறிவுரை சொல்லவும் கூடாது. பேச்சை நடத்திக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உலகமே இலவசமாக அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் இருக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது நியாயமான ஏற்பாடுதான்.

அதற்கு முன் அவர் தொலைபேசி அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். கத்திக்கொண்டு வருகிறவர்கள் அவரிடம் கொஞ்ச நேரம் பேசினால் குழைந்துபோய்த் திரும்புவார்கள். லைன் மட்டும் அப்படியே செத்துக் கிடக்கும். அந்தத் திறமையைப் பார்த்துத்தான் இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் முன்னால் போய் நாற்காலிகளை மாற்றிப் போடுவார். தலைமையாசிரியைக்கு மெத்தை நாற்காலி, பெற்றோருக்குக் குழந்தைகளின் குட்டை நாற்காலி என்கிற வழக்கமெல்லாம் அவரிடம் செல்லாது. எல்லோருக்கும் ஒரே உயரம். யாராவது பிள்ளையை 'கேஸ்' என்றால் இருமுவார். குறைகளைப் பேசத் தொடங்குமுன், "பிள்ளைக்கு எது நல்லா வரும்? அதை முதல்ல சொல்லுங்க" என்பார். ஒத்துக்கொண்டதையெல்லாம் வெள்ளைப் பலகையில் எழுதுவார். அவர் நடத்தும் கூட்டத்தில் யாரும் அழுததில்லை என்று அலுவலகத்தில் பேச்சு. அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. வினையே அதுதான்.

ஒரு தையல்காரம்மா. புருஷன் லாரியோடு எந்நேரமும் வெளியூர். மகள் வாய் திறந்து பேசமாட்டாள். சின்னச் சின்னப் படங்களை எடுத்துக் காட்டித்தான் பேசுவாள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் கணக்கெல்லாம் போடுவாள், ஆள் இல்லையென்றால் எழுந்து எங்காவது போய்விடுவாள். வகுப்பில் அவளோடு உட்கார ஓர் உதவியாளர் வேண்டும். அம்மா கேட்டது அதை மட்டுமே.

கூட்டத்துக்கு முன் அந்த அம்மா நடு சென்டரைத் தாழ்வாரத்தில் ஓரங்கட்டினாள்.

"அண்ணா, ஊருக்கு அந்தக் கோடியில ஒரு ஸ்கூல்ல இடம் தரேன்னு சொல்லியிருக்காங்க. ஆளும் வெச்சிருக்காங்க. ரெண்டு பஸ் மாறணும். இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். இங்கேயே கிடைச்சா என் கடையிலருந்து நாலு எட்டு. நீங்க உள்ள இதைச் சொல்லிடாதீங்க. வேற இடம் இருக்குன்னு தெரிஞ்சா அங்கேயே போங்கன்னு தள்ளிவிட்டுடுவாங்க."

தனியாகச் சொன்னதைச் சபையில் சொல்லக் கூடாது என்பது தொழில் தர்மம். "சொல்ல மாட்டேன்மா" என்றார்.

கூட்டம் தேனாக ஓடியது. தலைமையாசிரியை பிள்ளையின் கணக்கைப் புகழ்ந்தார். சிறப்பாசிரியர் படங்களை இன்னும் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னார். கடைசியில் உதவியாளர் விஷயம் வந்தது. தலைமையாசிரியை பேனாவை மூடியபடி, "பார்க்கலாம்மா" என்றார்.

இந்தப் 'பார்க்கலாம்' இருக்கிறதே, நம் மொழியில் இதைவிட வழுக்குகிற சொல் கிடையாது. வாடகை வீட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தரச் சொன்னால் வீட்டுக்காரர் சொல்வது பார்க்கலாம். லீவு கேட்டால் மேலதிகாரி சொல்வது பார்க்கலாம். பொம்மைக் கடை வாசலில் அப்பா சொல்வதும் அதேதான். இல்லை என்று சொல்ல முகம் இல்லாதவர்கள் கையில் வைத்திருக்கும் முகமூடி அது. ஆனால் அதே சொல்லை 'எப்படியாவது செய்துவிடுகிறேன்' என்ற பொருளில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கஷ்டம் அங்கேதான்.

தலைமையாசிரியையோடு பல கூட்டங்களில் உட்கார்ந்தவர் நடு சென்டர். அந்த அம்மாள் பேனாவை மூடிக்கொண்டு சொல்லும் பார்க்கலாமுக்கு என்ன பொருள் என்பது அவருக்கு அத்துப்படி. எதிரே தையல்காரம்மாவின் முகம் மலர்ந்ததையும் பார்த்தார். 'பார்க்கலாம்னா எப்படி மேடம்? வருவாங்களா, வரமாட்டாங்களா?' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால் இல்லை என்று பதில் வரும். தையல்காரம்மா உடைந்துவிடுவாள். இவ்வளவு அழகாகப் போன கூட்டம்! மேலும், இப்படிக் குடைவது ஒரு பக்கம் சேர்வதாகாதா? கூசாமல் தன்னையே கேட்டுக்கொண்டு, கூசாமல் ஆமாம் என்று பதிலும் சொல்லிக்கொண்டார். பலகையில் எழுதினார்: 'உதவியாளர் – பார்க்கலாம்.' எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் அழவில்லை.

வீட்டில் பெருமையாகச் சொன்னபோது மனைவி கேட்டாள்: "பார்க்கலாம்னா இல்லைன்னு அந்தத் தையல்காரம்மாவுக்குப் புரிஞ்சுதா?"

"அதைப் புரிய வைக்கிறது என் வேலை இல்ல."

"நடுவுல நிக்கிறது வேற, நடுவுல படுத்துத் தூங்குறது வேற" என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைக்கப் போனாள். அவருக்குச் சுருக்கென்றது. காலையில் அந்தச் சுருக்கும் ஆறிப்போயிற்று.

தையல்காரம்மா ஊர்க்கோடிப் பள்ளிக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இங்கே பள்ளி திறந்தது, ஆள் வரவில்லை. பிள்ளை வகுப்பிலிருந்து எழுந்து போவதும், காவலாளி வாசலில் பிடித்துக் கொண்டுவருவதுமாக இருந்தது. ஆசிரியையைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கு வகுப்பு நிறையப் பிள்ளைகள். கடைசியில் பெஞ்சை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை படங்களை எடுத்துக் காட்டுவதையே நிறுத்திவிட்டாள். வீட்டிலும்தான்.

மறுபடியும் கூட்டம். அதே அறை, ஒரே உயர நாற்காலிகள்.

"பார்க்கலாம்னு சொன்னீங்களே மேடம்."

"பார்த்தோமேம்மா. மேல எழுதிக் கேட்டோம். ஆள் போட வழி இல்லைன்னுட்டாங்க. எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எப்பவும்னா? அப்ப அன்னைக்கே தெரியுமா?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"என் கடையிலயும் கடைசி நேரத்துல துணியோட வந்து நிப்பாங்க மேடம். பார்க்கலாம்னு சொல்லிட்டேன்னா, சாப்பிடாமக்கூட உக்காந்து தெச்சுக் குடுத்துடுவேன். முடியாதுன்னா முடியாதுன்னு துணியைத் திருப்பிக் குடுத்துடுவேன்." அப்புறம் அவள் நடு சென்டர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க. இவங்க இல்லைன்னுதான் சொல்றாங்கன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

புகார் ஜன்னல் காலத்து வாக்கியங்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. 'உங்க வருத்தம் புரியுது.' 'ரெண்டு பேருமே நல்லதுதான் நினைக்கிறீங்க.' அவற்றை அங்கேயே நிற்கவிட்டார்.

"தெரியும்மா" என்றார்.

சிறப்பாசிரியர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"அந்த இன்னொரு இடமும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எந்த இடம்?" என்றார் தலைமையாசிரியை. தையல்காரம்மா சொன்னாள். தலைமையாசிரியை கண்ணாடி கையிலேயே இருக்க, "ஐயோ! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல்ல அங்க போய்ச் சேருங்கன்னு நானே துரத்தியிருப்பேனேம்மா" என்றார். அப்படித் துரத்திவிடுவார் என்று பயந்துதான் அந்த அம்மா மறைத்தாள்.

"நீங்க எனக்காகப் பேசணும்னு நான் கேக்கலண்ணா" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஆமாவா இல்லையான்னு கேட்டிருந்தா போதும். அது எந்தப் பக்கமும் இல்லையே."

நடு சென்டர் எழுந்து பலகை அருகே போனார். எழுதவில்லை. "மேடம், இந்த வருஷம் உதவியாளர் வருவாங்களா?"

"இல்லை."

"அடுத்த வருஷம்?"

"எனக்குத் தெரிஞ்சு, இல்லை." சொல்லி முடித்ததும் தலைமையாசிரியைக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ அம்மாக்களிடம் விழுங்கிய சொல், வெளியே வரும்போது தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். தையல்காரம்மா அழவில்லை. அழுகையெல்லாம் அவள் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தாள்.

கேள்விக்கு மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. ஒருவரும் யார் பக்கமும் சாயவில்லை. இதைத்தான் அவர் அன்றைக்கு அவ்வளவு பெரிய மலையாக நினைத்துத் தாண்டாமல் விட்டார். அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை இந்நேரம் இரண்டு பஸ் மாறி, பக்கத்தில் ஒருவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அவர் கணக்கில் ஒரு கூட்டம் அழுகையில் முடிந்திருக்கும், அவ்வளவுதானே.

தையல்காரம்மா வெளியே போனாள். மன்னிப்புக் கேட்கலாமென்று பின்னாலேயே போனவர் கதவருகே நின்றுவிட்டார். தாழ்வாரத்தில் அவள் ஊர்க்கோடிப் பள்ளிக்குப் போன் போட்டிருந்தாள். ஒரு கை, காவலாளியோடு வெளியே காத்திருந்த மகளின் தோளில்.

"ஆமாங்க, நான்தாங்க வேண்டாம்னு சொன்னேன்... தெரியும்ங்க, வேற பிள்ளை சேர்ந்துடுச்சுன்னு... இல்லீங்க, அடுத்த வருஷத்துக்காவது..." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, மரியாதை குறையாமல் கேட்டாள்:

"பார்க்கலாம்னா... ஆமாங்களா, இல்லீங்களா?"