சட்னிக்குள் விழுந்த ஹீரோவும் ஆரணியில் கலர் போடும் நானும்

ஜப்பான் பாணிப் படங்களுக்குக் கலர் போடுவது என்பது, வரைகிறவர் ஒருவர், பேர் வாங்குகிறவர் ஒருவர், திட்டு வாங்குகிறவர் நீங்கள் என்று சுத்தமாகப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்ட தொழில்.

மங்கா என்பார்கள், அனிமே என்பார்கள். பெரிய கண்ணும் துளியூண்டு மூக்குமாகக் கோட்டுப் படம் வரும். கலரோடு திருப்பி அனுப்ப வேண்டும். சென்னையில் உள்ள ஒரு சின்ன ஸ்டுடியோவுக்காக ஆறு வருடமாக ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறேன். நடுநடுவே சொந்தமாகவும் சில வேலைகள் எடுப்பேன். என் கணவர் அருள் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் கலர் சார்ட்டர் மெஷினைப் பார்த்துக்கொள்கிறார். கறுத்த அரிசி, பழுத்த அரிசியைக் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின் அது. ஆக, வீட்டில் இரண்டு பேருக்கும் நிறத்தை வைத்துத்தான் பிழைப்பு.

“கொஞ்சம் பளிச்சுனு வேணும், ஆனா அடக்கமா இருக்கணும்” என்று வரும் திருத்தங்களைப் படித்துத் தலையைப் பிடித்துக்கொள்ளும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹீரோவைக் காணோம்

ஸ்டுடியோ கொடுத்த முதல் பக்கம் காட்டுக்குள் ஒரு சண்டை. ஹீரோவுக்குப் பச்சைச் சட்டை என்று குறிப்பில் இருந்தது. போட்டேன். காடு பச்சை. புதர் பச்சை. கத்தியில் ஏதாவது மந்திர சக்தி இருக்கட்டுமே என்று அதிலும் ஒரு பச்சை ஒளி. பதினெட்டு வகைப் பச்சை! இத்தனை பச்சையை ஒருத்தி ஒரே பக்கத்தில் கையாண்டிருக்கிறாளே என்று மெய்சிலிர்த்துப் போவார்கள் என நினைத்தேன்.

கலர் பிரிவைப் பார்க்கும் நிவேதா மேடம் வீடியோவில் கூப்பிட்டார். ஒரு பட்டனைத் தட்டினார். கலர் மொத்தமும் போய்ப் படம் கறுப்பு வெள்ளை ஆனது. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, பக்கம் முழுக்கக் குழைத்த சிமெண்ட் மாதிரி ஒரே சாம்பல். நிறம் வேறு வேறாக இருந்தால் போதாது, வெளிச்சமும் இருட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. காட்டை வெளிறிய பனிமூட்டமாக்கி, சட்டையைக் கரும்பச்சையாக இறக்கி, கழுத்துத் துணிக்கு மட்டும் சிவப்பு கொடுத்தேன். ஹீரோ கிடைத்துவிட்டான், வேலையும் நிலைத்தது. ஆனால் மேடம் அந்தப் பழைய படத்தை அழிக்கவில்லை. புதிதாக யார் சேர்ந்தாலும், அன்று எனக்குச் சொன்னதையே சொல்லித்தான் காட்டுகிறாராம்: “இதுல ஒரு ஹீரோ இருக்கான்மா. கொத்தமல்லி சட்னியில விழுந்துட்டான், முடிஞ்சா தூக்கி விடு.”

கல்யாணப் பெண்

போளூரிலிருந்து கவிதா என்று ஒரு கல்யாணப் பெண். பத்திரிகை அட்டையில் மாப்பிள்ளையும் தானும் அனிமே ஜோடியாக நிற்க வேண்டும் என்று போட்டோக்கள் அனுப்பியிருந்தாள். நல்ல மாநிறத்துக்கும் ஒரு படி கூடுதலான கறுப்பு. நான் யோசிக்கவே இல்லை. சாஃப்ட்வேரோடு வருகிற ‘ஸ்கின்’ கலரை, அந்தத் தாமரை இதழ் ரோஸை, எடுத்து ஊற்றினேன். நிழலுக்குக் கொஞ்சம் சாம்பல். அனுப்பிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. கோபமே இல்லாத குரல். “மாப்பிள்ளை அவரேதாங்க. பக்கத்துல நிக்கிறது யாருங்க?”

“நீங்கதாங்க” என்றேன்.

“இல்லைங்க” என்றாள். அவ்வளவுதான்.

போனைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். அவள் நிறம்தான் எனக்கும். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. முதலிலிருந்து செய்தேன். ஆழமான பழுப்பு, நிழலில் சாம்பலைத் தூக்கிவிட்டு நாவல்பழத்தின் சிவந்த கருமை, வெயில் படுகிற கன்ன மேட்டிலும் மூக்கு நுனியிலும் செம்புப் பளபளப்பு. முதல் படத்தில் சோகையாகக் கிடந்த மஞ்சள் புடவை, இந்தத் தோலுக்குப் பக்கத்தில் விளக்கேற்றியது போல எழுந்தது. அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் குரல் பதிவாக வந்தது: “இப்பதாங்க என் கல்யாணத்துக்கு நான் வந்துகினு இருக்கேன்.”

பாய் பிரஸ்

ஒரு நடனப் பள்ளிக்குக் காலண்டர். வானத்துக்கு மின்னுகிற ஊதா போட்டிருந்தேன். திரையில் பார்த்தால் கண் கூசும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் காதர் பாய் பிரஸ்ஸில் மாதிரிக்கு ஒரு தாள் அடித்துக் கொடுத்தார்கள். வானம், மறுநாள் சுட வைத்த கத்தரிக்காய் கூட்டு நிறத்தில் இருந்தது. “பாய், உங்க மெஷின்ல ஏதோ கோளாறு” என்று ஊர் கேட்கச் சண்டை போட்டேன். நல்லவேளை, ஒரு தாள்தான் ஓட்டியிருந்தார். வீட்டுக்கு வந்து ஊதாவை அடக்கிப் பக்கத்தில் வெளிர் மஞ்சள் மேகம் வைத்ததும், காகிதத்திலும் வானம் எழுந்து நின்றது. அன்று நான் கத்தி முடிக்கும் வரை பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இது: “பேஜார் பண்ணாதம்மா. உன் ஸ்கிரீனுக்குப் பின்னாடி லைட் எரியுது. என் பேப்பருக்குப் பின்னாடி டேபிள்தான் இருக்குது.”

நீலம் பாரித்த வாரம்

போன வருடம் ஒரு வாரம், அனுப்பிய பக்கமெல்லாம் திரும்பி வந்தது. “ஸ்டெல்லா, ஏன் எல்லார் மூஞ்சியும் நீலம் பாரிச்சுக் கிடக்கு? பாம்பு கடிச்சிருச்சா?” என்றார் நிவேதா மேடம். என் திரையில் பார்த்தால் முகம் முகமாகத்தான் இருந்தது. திருத்தி அனுப்பினேன், மறுபடியும் நீலம். மூன்றாவது முறை மேடம் கேலி செய்யவில்லை. “உடம்பு சரியில்லைனா ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோம்மா” என்றார். கேலியே தேவலை என்று இருந்தது.

கண்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். சமையலறையில் தக்காளியையும் கேரட்டையும் எடுத்து வைத்து மாறி மாறிப் பார்த்தேன். நிறம் தெரியாதவளுக்கு யார் கலர் வேலை கொடுப்பார்கள்? வேறு எந்த வேலை எனக்குத் தெரியும்? அருளிடம் சொல்லவில்லை. அவர் மில்லுக்குக் கிளம்பியதும் ஊரிலேயே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். பரிசோதனை செய்யும் பெண் கலர் கலராகப் புள்ளி வைத்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லியும் பார்த்தேன். கடைசியில் அவர் அட்டையை மூடி, “உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. வேணும்னா அந்தக் கம்ப்யூட்டரைக் கூட்டிக்கினு வாங்க, அதுக்கு டெஸ்ட் பண்ணலாம்” என்றார்.

சாயங்காலம் அருள் வந்ததும் அவர் போனை வாங்கி அதில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நீலம். என் திரையில் அதே பக்கம் சரியாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அருள் முகம் மாறியது. கண் கெட்டுவிடக் கூடாது என்று ஏதோ வீடியோ பார்த்து, திரையை மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு வசதியைப் போன ஞாயிற்றுக்கிழமை போட்டு வைத்தது அவர்தானாம். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லையாம்! திரை மஞ்சளடிக்க, அதைச் சரிக்கட்ட நான் என்னை அறியாமல் நீலத்தைக் கொட்டியிருக்கிறேன். கண்ணும் அந்த மஞ்சளுக்குப் பழகிவிட்டது. அவர் அதை அணைத்தார். திரை பால் மாதிரி வெளுத்தது. முகங்களெல்லாம் பாம்பு கடித்துக் கிடந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மனிதர் பயந்துபோய் என் தலையைத் தடவிக்கொண்டே, சமாதானம் என்று நினைத்துச் சொன்னார்: “எங்க மில்லு மெஷினா இருந்தா இதையெல்லாம் மொத நாளே ஊதித் தள்ளி இருக்கும்.”

யார் ஜெயித்தார்கள்?

பிள்ளைகளுக்கான கபடிக் கதை ஒன்று வாராவாரம் ஆன்லைனில் வந்துகொண்டிருந்தது. ஓர் அணி சிவப்பு, ஓர் அணி பச்சை. எதிரெதிர் நிறங்கள், இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும் என்று இருந்தேன். போளூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் நயினார் (எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்) ஒருவர், மகளோடு அதைப் படிக்கிறவர், ஸ்டுடியோவுக்கு ஒரு மெயில் போட்டிருந்தார். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்குப் பிரியாதாம். இரண்டு அணியும் ஒரே மண் நிறமாம். ‘யாருப்பா பாடிகினு போறாங்க?’ என்று மகள் கேட்டால் ஏதோ ஒரு பேரைச் சொல்லிச் சமாளிக்கிறாராம். மகளுக்கு ஏழு வயசு, இன்னும் எத்தனை நாள் சமாளிக்க முடியும் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரிப் புள்ளி அட்டைகள் ஞாபகம் வந்தன. நான் தப்பித்துக்கொண்டேன்; இவருக்கு அந்த அட்டையில் வெறும் புள்ளி மட்டும்தான் தெரியும். மேடத்திடம் பேசி, நடுக்கதையில் சீருடையை மாற்ற அனுமதி வாங்கினேன். ஓர் அணிக்கு வெளிர் ஆரஞ்சு, இன்னொன்றுக்கு அடர் நீலம். நிறமே தெரியாவிட்டாலும் ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு என்று பிரியும். போதாததற்கு நீல அணியின் கையில் பட்டையாக வெள்ளைக் கோடு. அடுத்த வாரம் இறுதிப் போட்டி வெளியானது. மெயில் வருமா என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் ஒரே வரியில் வந்தது: “இந்த வாரம் யாரு ஜெயிச்சாங்கன்னு என் பொண்ணுக்கு நான்தாங்க சொன்னேன்.”

ஆறு கெஜம்

ஆரணியில் இருந்துகொண்டு பட்டுப் புடவையிடமிருந்து தப்ப முடியுமா? ஒரு ஜவுளிக்கடை முதலாளி, தன் கடைப் புடவை கட்டிய அனிமே பெண் படம் ஒன்று விளம்பரத்துக்கு வேண்டும் என்றார். நீளவாட்டில் ஓடும் பாவு இழை பச்சை, குறுக்கே ஓடும் ஊடை இழை வாடாமல்லி. அசைந்தால் இரண்டு நிறமும் மாறி மாறி அடிக்கிற டபுள் ஷேட். நான் சூரியன் மறைகிற நேரத்தை வைத்து, படம் முழுக்க ஆரஞ்சு வெளிச்சத்தைப் பாய்ச்சினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பச்சை மேலும் வாடாமல்லி மேலும் ஆரஞ்சு விழுந்து புடவை காப்பிக் கலராகிவிட்டது. “இது எங்க சேலையே இல்லைம்மா. நாளைக்கு கஸ்டமர் வந்து இந்தக் கலரைக் கேட்டா நான் எங்க போவேன்? வேற ஆளை வச்சுப் பாத்துக்கிறேன்” என்றார்.

ஒரே ஒரு வாய்ப்பு கேட்டு, அந்தப் புடவையையே வாங்கி வந்து ஜன்னலில் தொங்கவிட்டேன். பகல் முழுக்க மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். மடிப்பின் மேடு பச்சை, பள்ளம் வாடாமல்லி. அதை அப்படியே போட்டேன். ஆரஞ்சை வானத்துக்கும் கூந்தல் ஓரத்துக்கும் சரிகைக்கும் மட்டும் விட்டேன். கடைக்கு எடுத்துப் போனபோது முதலாளி தானாகத் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. அந்தப் புடவையை நெய்த மல்லிகா அக்கா வேறொரு சேலையைக் கொடுக்க வந்திருந்தார். முதலாளி என் டேப்லெட்டை அவர் கையில் கொடுத்தார். அக்கா விரலால் பெரிதாக்கினார், முந்தானைக்குப் போனார், கரைக்கு வந்தார், மறுபடி முந்தானைக்குப் போனார். முதலாளியும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் படத்திலிருந்த நெடுநெடுவென்ற பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்துவிட்டுச் சொன்னார்: “சேலை நம்மளுதுதான் மொதலாளி. ஆனா இந்தப் பொண்ணு உசரத்துக்கு ஆறு கெஜம் பத்தாது, ஒன்பது ஏத்தணும்.”

இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்து திருத்தம் வராத கலர் வெள்ளை ஒன்றுதான், அதையும் ஒருவர் “கொஞ்சம் வெளுப்பா இருக்கே” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.