ஃபாதர் பேரில் ஹால் கட்ட, செல்வி வீட்டுக்குப் போன நாள்

தேங்காய் மட்டை எரிகிற புகை வாசனை. கேட்டுக்குப் பின்னால் ஒரு நாய் உறுமுகிற சத்தம்...

சாணார்பட்டி பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டு வாசலில் நானும் நூர்ஜஹானும் நின்றோம். அவள் ஸ்கூட்டியை ஆஃப் செய்யவே இல்லை. "எதுக்கும் ஓடட்டும்டி" என்றாள்.

நாங்கள் படித்த காலேஜ் லைப்ரரியிலேயே நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் பிரின்சிபாலாக இருந்த ஃபாதர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் பேரில் கேம்பஸில் ஒரு ரீடிங் ஹால் கட்ட, பழைய மாணவிகள் சேர்ந்து நன்கொடை கேட்டுப் போய்க்கொண்டிருந்தோம். வேடசந்தூர் மில்காரர்கள், நூர்ஜஹானின் அத்தாவுக்குத் தெரிந்த தோல் வியாபாரிகள்... எல்லா இடத்திலும் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள்.

இந்த வீட்டுக்கு வரத்தான் பயம்.

இது எங்கள் கிளாஸ்மேட் செல்வியின் வீடு. ஃபைனல் இயரில் அவள் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசினார்கள். அவள் ஓடிவந்து ஃபாதரிடம் அழுதாள். அவர் ஹாஸ்டலில் சேர்த்துக்கொண்டார். மறுநாள் அவளுடைய அப்பா டிராக்டரில் ஆட்களோடு வந்து காலேஜ் கேட்டை உலுக்கினார். கையில் அரிவாள். ஃபாதர் தனியாக வெளியே போய் அவர் முன்னால் நின்றதை ஹாஸ்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்ன பேசினார்களோ, திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு செல்வி தன் வீட்டுப் பக்கமே போகவில்லை.

அவளேதான் சென்னையிலிருந்து போன் செய்தாள். "எங்கப்பாகிட்டயும் போய்க் கேளுங்கடி. குடுக்க மாட்டாரு. ஆளு எப்படி இருக்காருன்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

கேட்டைத் திறந்தது அவரேதான். மீசை நரைத்திருந்தது. மற்றபடி அதே முகம்.

"யாரு வேணும்?"

"காலேஜ்ல இருந்து வாரோம்ப்பா... ஃபாதர் பேர்ல ஒரு ஹால்..." என்று இழுத்தேன்.

"அந்தச் சாமியாருக்கா?"

எதிர்வீட்டைப் பார்த்தார். "உள்ள வாங்க" என்றார். வேறு வழி தெரியாமல், ஸ்கூட்டியை ஆஃப் செய்துவிட்டுப் போனோம். பின்னாலேயே கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நூர்ஜஹான் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாய் எங்களைச் சுற்றி வந்தது. ஓடினாலும் தோப்பைத் தாண்ட முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எதுத்த வீடு எங்கண்ணன் வீடு. அவரு காதுல விழ வேணாம்" என்றார், குரலைத் தாழ்த்தி. "அவ சொல்லியா வந்தீக?"

தலையாட்டினேன்.

நாயை அதட்டி விரட்டினார். பிறகு சொன்னார்.

"அந்தச் சாமியாரு வருசா வருசம் இங்க வருவாரு, ஆத்தா. அவ பாஸானது, வேலைக்குப் போனது, எல்லாம் சொல்லுவாரு. நான் உக்காருங்கன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருவாரு. இப்ப அவளப் பத்திச் சொல்ல ஆளில்ல."

போனை எடுத்து, "பேசுறீங்களாப்பா?" என்றேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. தட்டிவிட்டு அடிப்பாரோ என்று.

அவர் ஒரு அடி பின்னால் போனார். "நான் என்னத்தப் பேச... அவ வச்சிட்டான்னா?"

நான் டயல் செய்து அவர் காதோரம் பிடித்தேன். அந்தப் பக்கம், "என்னடி, பாத்தீங்களா?" என்றாள் செல்வி.

"...சாப்டியாத்தா?" என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் செய்துவிட்டாளோ என்று போனை எட்டிப் பார்த்தேன். பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவர் போனை வாங்கிக்கொண்டு தோப்புக்குள் நடந்து போனார்.

நன்கொடையும் கொடுத்தார். கல்வெட்டில் பேர் மட்டும் போட வேண்டாம் என்றார். ஹால் திறப்பு விழாவுக்குச் செல்வியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் அதே ஹாலுக்கு சோலார் போட வேண்டி, வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு க்யூஆர் கோடு போட்டோம். மத்தியானத்துக்குள் வேண்டியது வந்துவிட்டது. யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை, எங்கேயும் பயப்படவில்லை. வசதிதான்.

ஆனால் யார் அனுப்பினார்கள், அவர்கள் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று இந்தத் தடவை எனக்கு ஒன்றுமே தெரியாது...