பாட்டு இல்லாத குரல்

நான் எங்கே பேசப் போனாலும் முதலில் ஒரு பாட்டு ஓட வேண்டும். சாமிப் பாட்டோ சினிமாப் பாட்டோ, அரை நிமிடம் ஓடினால் போதும். அது ஓடாமல் மைக்கைத் தொட மாட்டேன். கட்சிக்காரர்கள் இதை ராசி என்கிறார்கள். யாரோ ஜோசியர் சொல்லியிருக்கிறார் என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். ஜோசியரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாட்டு இல்லாமல் என் குரல் ஸ்பீக்கர் குழாயில் வந்தால், எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் ஒரு பெண் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்து ஓடுவாள். அதுதான் காரணம். அவள் காதுக்கே எட்டாத மணலி புதுநகரில் கூட்டம் நடந்தாலும் நான் பாட்டுப் போடச் சொல்கிறேன்.

அரசியலுக்கு வருவதற்கு முன் நான் மைக் செட் கடை வைத்திருந்தேன். காலடிப்பேட்டையில் எட்டுக்குப் பத்து இடம். உள்ளே நாலு ஆம்ப்ளிஃபயர், பதினாறு குழாய் ஸ்பீக்கர், வாசலில் ஒரு பழைய ஆட்டோ. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான்தான். தொண்டையும் நல்ல தொண்டை. அறிவிப்புச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நானே சொல்லிவிடுவேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்படிப் பிழைத்தேன்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காற்று மாறிக் கடல் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் ஊர்த் தலைவர் எனக்குப் போன் செய்வார். நான் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு போய்க் கூவ வேண்டும். செல்போனில் எச்சரிக்கை வருமே என்பீர்கள். வரும். தினமும் வந்தால் எவன் படிப்பான்? தலைவர் கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் நான் போவேன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் என் குரலுக்கு மதிப்பிருந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை, தொழில் புத்தி, நல்ல பாட்டாக ஒன்றைப் போட்டுவிட்டு அதன் பிறகு விஷயத்தைச் சொன்னேன். பாட்டு முடிவதற்குள் மீன்பிடிக்கப் போகிற இரண்டு போட்டு தண்ணீரில் இறங்கிவிட்டது. நல்லவேளை, திரும்பி வந்தார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "கடல் சேதின்னா பாட்டு கீட்டு வோணாம். வெறும் கொரலு வந்தா கடலுன்னு ஜனங்க தெரிஞ்சிக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அதுதான் சட்டம். பாட்டோடு வந்தால் விசேஷம். பாட்டு இல்லாமல் வந்தால் கடல்.

என் குழாய்களைக் கம்பத்தில் ஏறிக் கட்டித் தருகிற தோஸ்து ஒருவன் அந்தக் குப்பத்தில் இருந்தான். சொந்தமாகச் சின்ன ஃபைபர் போட்டு ஒன்று வைத்திருந்தவன். தொழிலுக்குப் போகாத நாளில் என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு என் டீயைக் குடித்துவிட்டு என்னையே கிண்டல் செய்வான். "உன் மூஞ்சிய பாத்தா எவனும் நம்ப மாட்டான் மாமு. கொரல கேட்டா மட்டும் கடலே நின்னு கேக்கும்" என்பான். அவன் மனைவி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நான் அந்தப் பக்கம் போனால் வறுத்த மீன் இல்லாமல் அனுப்பியதில்லை.

அரசியல் என்னைத் தேடி வந்தது. ஒரு கூட்டத்தில் பேச வேண்டியவர் வரவில்லை. லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எங்கள் சாலையில் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அந்த லாரிகளைப் பற்றி, குழாயில் வருகிற மஞ்சள் தண்ணீரைப் பற்றி, காயப்போட்ட வேட்டியில் படிகிற கரியைப் பற்றி. கிளம்பியவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் வார்டுக்கு என் பெயரைப் போட்டார்கள். எனக்கு ஆசை இல்லை என்று பலமுறை பேட்டியில் சொல்லியிருக்கிறேன். பொய். பெயரைப் படித்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பிரச்சாரத்தின் மூன்றாம் நாள் அந்தக் குப்பத்துக்குள் போனேன். பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம். ஒருவரும் வெளியே வரவில்லை. எல்லாக் கட்சியும் பாட்டுப் போட்டுக்கொண்டுதானே வருகிறது! கூட வந்தவர்கள் முகம் தொங்கிப்போய்விட்டது. அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. இதை யாரும் சொல்லித்தரவில்லை. பிற்பாடு வேறு ஒருவர் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தேன், எனக்கே ஒட்டவில்லை. நானே பாட்டை நிறுத்தச் சொன்னேன். நானே மைக்கை எடுத்து, கடல் சேதி சொல்கிற அதே இழுப்பில், "குப்பத்து ஜனங்களே" என்று கூப்பிட்டேன்.

ஓடி வந்தார்கள். ஈரக்கையோடு, சாப்பிட்ட கையோடு, இடுப்பில் குழந்தையோடு வந்தார்கள். எல்லோரும் முதலில் கடலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டேன். ஒரு கிழவர் காறித் துப்பினார், மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது, எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த நாளும் செய்தேன்.

அன்று சாயங்காலம் தோஸ்து கடைக்கு வந்தான். டீ வேண்டாம் என்றான்.

"மாமு, அந்தக் கொரல இதுக்கு எடுக்காத."

"ஏன்டா, ஓட்டுப் போட மாட்டியா?"

"ஓட்டு போடறேன். குடும்பத்தோட வந்து போடறேன். அந்தக் கொரலு உன்னுது இல்ல மாமு. அது எங்களுது. உட்டுரு."

நான் சிரித்தேன். இன்னும் பத்து நாள்தானே, அப்புறம் பழையபடி ஆகிவிடும் என்றேன். அவன் எழுந்து போனான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடிந்து வெயில் ஏறுவதற்கு முன், தலைவரிடமிருந்து போன் வந்தது. "பருவம் தப்பி காத்து திரும்பிகினு கீது. ஜல்தியா வந்து கூவு" என்றார். ஆட்டோ தயாராக நின்றிருந்தது. அதில் நான்கு பக்கமும் கட்சிக் கொடி, முன்னால் என் படம். கழற்ற ஐந்து நிமிடம் ஆகும். அவசரத்தில் தோன்றவில்லை என்றுதான் இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன். தோன்றியது. ஊருக்கு ஆபத்து என்றதும் ஓடி வந்தான் என்று நாலு பேர் கொடியைப் பார்த்துச் சொல்லட்டுமே என்றும் தோன்றியது. அப்படியே போனேன்.

பாட்டு இல்லாமல் கூவினேன். தொண்டை கிழியக் கூவினேன். காற்று எதிரே அடித்து வார்த்தைகளைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. குப்பத்தின் இந்த முனையில் இருந்தவர்கள் காதில் விழுந்தது, நின்றுவிட்டார்கள். அந்த முனைக்குக் குரல்தான் போயிற்று, சேதி போகவில்லை. கொடி கட்டிய ஆட்டோ தெரிந்திருக்கும். ஒருவரும் வெளியே வரவில்லை. நான் ஆட்டோவை விட்டு இறங்கி மணலில் ஓடியபோது மூன்று போட்டு அலையைத் தாண்டிவிட்டிருந்தது. நடுவில் இருந்தது அவனுடையது.

இரண்டு போட்டு மறுநாள் காசிமேட்டில் கரையேறின. அவன் வரவில்லை. மூன்று நாள் தேடினார்கள். போட்டின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. புலி வருது கதையை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். அந்தக் கதையில் போனது ஆடு.

நான்காம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் இருந்தது. என் பின்னால் கட்சிக்காரர்கள் பத்துப் பேர், வாசலில் பாதிக் குப்பம். அவன் மனைவி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. அன்னிக்கு நீ கூவினது ஓட்டுக்கா, கடலுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "கால்ல தண்ணி பட நின்னுகினு அவரு கேட்டாரு. இன்னாமே, பாட்டு இல்லாம கொரலு வருது, நின்னு பாக்கட்டான்னு. நான்தான் சொன்னேன், உன் தோஸ்து ஓட்டு கேக்கறாரு, நீ போன்னு. அதான் கேக்கறேன். ஓட்டுக்குத்தான?"

அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஓட்டுக்குத்தானம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அவனைக் கடலுக்கு அனுப்பியவள் ஆகமாட்டாள். பழி என் மேல் விழும், கடல் கொந்தளிக்கும்போது ஓட்டுக் கேட்ட பாவி என்று குப்பம் என்னைக் காறித் துப்பும், வார்டு போகும். அவ்வளவுதான் நஷ்டம். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். வாசலில் பாதிக் குப்பம் காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"கடலுக்குத்தாம்மா," என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய பாவம் அந்த உண்மை. அவள் "அப்டியா" என்றாள். மெதுவாக உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வார்டில் ஜெயித்தேன். "அன்னிக்கே சொன்னாரு, கேக்காம பூட்டாங்க" என்று குப்பமே பேசியது. கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. சட்டமன்றத் தேர்தலுக்கு நின்றபோது, அலைக்கு முன்னால் கையில் மைக்கோடு என் படத்தைப் போட்டு ‘எச்சரித்த குரல்’ என்று சுவரெங்கும் ஒட்டினார்கள். நான் தடுக்கவில்லை. அதிலும் ஜெயித்தேன். நன்றி சொல்லப் போன அன்று அந்தக் குப்பத்தில் யாரோ பாட்டுப் போட மறந்துவிட்டார்கள். "குப்பத்து ஜனங்களே" என்று நான் தொடங்கியதும் அவள் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். மாலையும் கையுமாக நின்ற என்னைத் தாண்டி ஓடினாள். தண்ணீர் ஓரம் நின்று, "போவாதய்யா, போவாத" என்று வெறும் கடலைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து அழைத்து வந்தார்கள். பேச்சை அதோடு முடித்தேன்.

ஊருக்கு ஒன்றுமே செய்யாதவன் இல்லை நான். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டுகிற தூண்டில் வளைவு கேட்டு வாங்கினேன். கடல் அங்கே கரையைத் தின்பது இப்போது குறைந்திருக்கிறது. காணாமல்போனவன் இறந்தான் என்ற சான்றிதழுக்காக அவளை ஆபீஸ் ஆபீஸாக அலையவிட்டார்கள். நானே கூடப் போய் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தேன். சட்டமன்றத்தில் என் முறை வந்து மைக்கில் சிவப்பு விளக்கு எரியும்போது இன்றும் என் நாக்கு ஒரு நொடி ஒட்டிக்கொள்கிறது. அங்கே பாட்டுப் போடச் சொல்ல முடியாதே. எந்தத் துறையைப் பற்றிப் பேச எழுந்தாலும், எங்கோ தூரத்தில் அவள் முந்தானையை வாரிக்கொண்டு எழுவது தெரிகிறது.

போன மாதம் தாங்க முடியாமல் தனியாகக் கிளம்பினேன். காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கரை வேட்டியை மாற்றிக்கொண்டு, மத்தியான வெயிலில் நடந்தேன். அவள் சாக்கு விரித்து நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டம்மா. கடலுக்கு இல்ல. ஓட்டுக்குத்தான் கூவினேன். கொடியக்கூடக் கழட்டல, நீயே பாத்திருப்ப. நீ அவன்கிட்ட சொன்னதுதான் சரி. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள். பாதி பொய், பாதி நிஜம். அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஒரு நிமிடம் நம்பத்தான் பார்த்தாள், அது அவள் கண்ணில் தெரிந்தது. பிறகு அது போய்விட்டது. குனிந்து நெத்திலியைப் பரப்பத் தொடங்கினாள்.

"இன்னாண்ணா," என்றாள், "எலெக்சன் வருதா?"

வந்துகொண்டுதான் இருந்தது.