ஒரே அட்டைக்கு மூன்றும் ஏழும்

அண்ணை கனடாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போனது ஒரு தகரப் பிஸ்கற் ரின். அதற்குள் பபிள்கம்மோடு வந்த பழைய கிரிக்கெட் அட்டைகள். யுத்தத்தில் உடுவிலைவிட்டு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, என் சேலைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு அந்த ரின்னைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். உனக்கென்ன விசரா என்று அம்மா ஏசினார்.

போன வருடம் அண்ணை வந்தார். இருப்பதில் மிகப் பழைய அட்டையை எடுத்துப்போய், அங்கே இவற்றைத் தரம் பார்த்துப் புள்ளி போடும் கம்பனி ஒன்றுக்கு அனுப்பினார். புள்ளி கூடினால்தான் விலையும் கூடுமாம். பத்துக்கு மூன்று வந்தது. மூலையில் கறையாம். அட்டையை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் அடைத்து, மேலே மூன்று என்று ஒட்டியும் விட்டார்கள். அண்ணை தொலைபேசியில் என்னைத்தான் பிடித்தார்.

"ஒரு அட்டையை ஒழுங்கா வைச்சிருக்க உனக்குத் தெரியேல்லையோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அந்த அட்டையையும் வைத்து, மூலையில் சந்தனம் தொட்டவர் அவரேதான். சொன்னால், தப்புவதற்குக் கதை விடுகிறாள் என்பார். போனை வைத்துவிட்டேன்.

அவருக்கு மனம் ஆறவில்லை. உறையை உடைத்து, அதே அட்டையை அதே கம்பனிக்கு மறுபடி அனுப்பினார். இம்முறை ஏழு. கறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கணக்கு ரீச்சராக இருந்தவள், சோதனைத் தாள் திருத்தியவள். ஒரே தாளுக்கு இருவர் போட்ட புள்ளி இவ்வளவு விலகினால் பிரதம பரீட்சகர் இருவரையும் இருத்திவைத்துக் கேட்பார். இந்த மகான்களைக் கேட்க ஆளில்லை. கையில் ஒரு பூதக்கண்ணாடி, வாயில் வந்தது புள்ளி. கீரிமலையில் கிளிச்சாத்திரம் சொல்பவன்கூட ஒரே ஆளுக்கு இரண்டு பலன் சொல்ல வெட்கப்படுவான்.

அண்ணை சந்தோஷமாக அழைத்தார். "ஏழு வந்திருக்காம். நீ கவனமாத்தான் வைச்சிருந்திருக்கிறாய்."

அந்தப் பாராட்டு ஏச்சைவிடக் கூடச் சுட்டது.

"அந்தக் கறை நீங்கள் பூசைக்கு வைச்ச சந்தனம், அண்ணை," என்றேன். "மூண்டு வந்த நேரமும் நான்தான் வைச்சிருந்தனான்."

அவர், மிச்ச அட்டைகளையும் அனுப்பு, எத்தனை புள்ளி வருகிறதென்று பார்ப்போம் என்றார்.

ரின் என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. அவருடைய சாமான், வந்து எடுத்துக்கொள்ளட்டும். இனி நான் காவல் இல்லை.