கடிகார முகத்தில் திருநீறு

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்துச்சாலை என் பொறுப்பில் இருந்தது. "ஐயா கை தப்பாது" என்று தொழிலாளர் லயங்களில் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்கே சொல்லப்போவது நடந்த நாளுக்கு என் நாட்குறிப்பில், "வெயில். இருமலுக்கு ஒன்பது பேர். கடிகாரம் சுத்தம் செய்தேன்" என்று மட்டும் இருக்கிறது. மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

அது பங்களாச் சமையற்காரரின் கைக்கடிகாரம். ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பிய சின்னதுரை, தோட்டத்தின் வெள்ளைக்கார உதவி அதிகாரி, சீமைக்குக் கப்பலேறுமுன் தன் கையிலிருந்து கழற்றி அவருக்குக் கொடுத்தது. வெள்ளிக் கூடு, வெள்ளி முகம், கறுப்பு எண்கள். அடுப்புப் புகைக்குப் பயந்து அவர் அதைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அந்தத் துரை புது மனைவியோடு தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அவருக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்பது சமையற்காரரின் ஆசை. எடுத்துப் பார்த்தால் ஓடவில்லை; முகத்தில் பழுப்புப் புள்ளிகள்.

"பதுளைக் கடிகாரக் கடை நானாகிட்ட குடுக்கலாம்னு இருக்கேங்க ஐயா."

"அங்க எதுக்கு? நானே பாக்குறேன்."

அவர் என்னைக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

சனிக்கிழமை மருந்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து, காற்று வராமல் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மெல்லிய கத்தி முனையால் பின்மூடியை நெம்பினேன். தொண்டைக்கு மருந்து தடவும் தூரிகைகளில் புதியது ஒன்றை எடுத்து, ஈரம் படாமல், சக்கரங்களின் மேலிருந்த தூசியையும் பஞ்சையும் தள்ளினேன். மயிரிழை போன்ற சுருள்கம்பியின் பக்கமே போகவில்லை. சாவி கொடுத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அத்தோடு மூடியிருக்க வேண்டும்.

அந்தப் புள்ளிகள் என் கண்ணை உறுத்தின. வெள்ளிதானே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிச் செம்பு கறுத்தால் என் மனைவி திருநீறு போட்டுத்தான் துலக்குவாள்; ஒரு கீறல் விழாது. முன்பக்கக் கண்ணாடி வளையத்தைக் கழற்றி, முள் இரண்டையும் பன்னிரண்டில் நிறுத்தி, விரலில் ஈரத்துணி சுற்றி, ஒரு சிட்டிகைத் திருநீற்றைத் தொட்டுக் கீழ்ப்பாதியைத் தேய்த்தேன். புள்ளிகள் போயின. நாலிலிருந்து எட்டு வரை எண்களும் போயின. துணியில் கறுப்பாக அப்பியிருந்தன.

மாலையில் சமையற்காரர் வந்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துச் சிரித்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நாலு, அஞ்செல்லாம் எங்கங்க ஐயா?"

கடிகாரம் என்னிடம் இருந்த அந்த வாரம் மருந்துப் பெட்டி எடுக்க நான் பதுளைக்குப் போய்வந்தது அவருக்குத் தெரியும். பொய் அதிலிருந்து வந்தது. "நானாகிட்ட தொடைக்கக் குடுத்தேன். அவரு கையில போயிருச்சு."

"அப்பிடியா சங்கதி? நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே. வாங்க, நேர்ல போய்க் கேட்டுருவோம்."

மறுநாள் பதுளை இறக்கம் முழுவதும் அவர் என் குடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் தோடம்பழம் உரித்துக் கொடுத்தார். "என்னால ஐயாவுக்கு அலைச்சல்" என்று மூன்று முறை சொன்னார். உண்மையைச் சொல்ல எனக்கு ஏழு மைல் இருந்தது. தோடம்பழத்தைத் தின்றேன்.

கடைக்குள் நுழைந்ததுமே சமையற்காரர் கத்தினார். "என்னா நானா, மனுசன் செய்யிற வேலையா இது? தொரை வாறாரு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் இதக் கட்டுறது?"

தொழுகைத் தொப்பி அணிந்த கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வளையத்தைத் திறந்தார். "இது என்ட கைக்கு வந்ததே இல்ல."

"ஐயா குடுத்தாரே!"

கடைக்காரர் வளையத்தின் இடுக்கில் ஊசியை ஓட்டினார். அதன் முனையில் வந்த வெள்ளைத் தூளை நகத்தில் தட்டிக் காட்டினார். "பாருங்க அண்ணே, திருநீறு. என்ட கடையில திருநீறு எங்கால வரும்?"

இருவரும் திரும்பி என் நெற்றியைப் பார்த்தார்கள். குளித்து, வழக்கம்போல மூன்று பட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"நான்தான் தேய்ச்சேன்" என்றேன். அதற்குள் அதைச் சொல்லவே தேவையில்லாமல் போயிருந்தது.

"உள்வேல நல்லாத்தான் செஞ்சீக்கிறார்" என்றார் கடைக்காரர், என்னைப் பார்க்காமல். "முகத்த ஊதிட்டு உட்டிருக்கணும். எழுத்து மேலாப்புலதான் நிக்கும்."

சமையற்காரர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். போன எண்களை எழுதித் தரும்படியும் கேட்டார்.

"எழுதலாம். அது என்ட எழுத்தாத்தான் இருக்கும், தொரைட கடிகாரமா இருக்காது. கொழும்புக்கு எழுதினா வேற முகம் வர ரெண்டு மாசம்."

திரும்பும் ஏற்றத்தில் சமையற்காரர் எனக்கு முன்னால் நடந்தார். என் குடை என் கையில் இருந்தது.

துரை வந்த அன்று நாங்கள் பங்களாப் படியருகே வரிசையாக நின்றோம். சமையற்காரர் கடிகாரத்தின் முகம் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி கட்டியிருந்தார். மணிக்கட்டில் கடிகார வாரைக் கண்டதும் துரைக்குச் சந்தோஷம். "மணி என்னா?" என்று தமிழில் கேட்டார். சமையற்காரர் கையைத் திருப்பவில்லை; அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "நாலு இருக்குங்க தொரை." மணி பார்க்கத் தெரியாதவர் என்று எல்லோரும் சிரித்தார்கள். துரையின் மனைவியும் சிரித்தாள். சமையற்காரரும் கூடச் சிரித்தார். அவருக்கு மணி நன்றாகப் பார்க்கத் தெரியும். அந்தக் கடிகாரத்தில்தான் படித்திருந்தார்.

அதற்குப் பிறகும் இருமல் மருந்துக்கு அவர் என்னிடம்தான் வந்தார், வேறு இடமில்லை. முன்பெல்லாம் நான் சொட்டு விடும்போது வாசலைப் பார்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். இப்போது, "எத்தனை சொட்டுங்க?" என்று கேட்பார். "பத்து" என்பேன். குப்பியை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதடு அசைய, என்னோடு சேர்ந்து பத்து வரை எண்ணுவார்.