யாரும் நோண்டாத கணினி

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் அவர் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையே பயன்படுத்துகிறவர்; அவரை எல்லாரும் லினக்ஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருடைய கணினி முடங்கினாலும் அழைக்காமலே வந்து நிற்பார். "நீங்க எதையாவது நோண்டியிருப்பீங்க" என்பதுதான் முதல் பேச்சு. லினக்ஸ்காரர்கள் சந்தேகம் கேட்கும் இணைய மன்றத்திலும் அதே அலட்டல். ஐந்து வருடத்தில் எண்ணூறு பதில்கள் எழுதியிருந்தார். ஒன்றைக்கூட ‘பயனுள்ளது’ என்று யாரும் குறித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டுக் கணினியே கறுப்புத் திரையில் சில வெள்ளை வரிகளோடு நின்றது. அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஒரு வாரமாகத் தயாரித்த ஆண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் அதற்குள்தான் இருந்தது. பத்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

"ஏங்க, நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"டிஸ்ப்ளே சர்வர் போயிருச்சு. திரையில எல்லாத்தையும் காட்டுறது அதுதான். உனக்குச் சொன்னா புரியாது."

எழுத்துரு கிடைக்கவில்லை என்று திரையிலேயே ஒரு வரி கதறிக்கொண்டிருந்தது. மனிதர் கண்டுகொண்டால்தானே! டிஸ்ப்ளே சர்வரைக் கழற்றி மறுபடி நிறுவினார். வேறொன்றை நிறுவிப் பார்த்தார். ஒன்பதரைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கைபேசியில் மன்றத்தாரைக் கேட்டார். "எழுத்துரு எதையாவது அழிச்சீங்களா?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டார்.

"நான் எதையும் தொடலை. எனக்கே பாடமா?" என்று தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு தட்டிய கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும் என்று கணவரே ஒருநாள் பெருமையடித்திருந்தார். அழுத்திக்கொண்டே போனார். காலைக் கூத்தெல்லாம் கடந்து நேற்று மாலைக் கட்டளை வந்து நின்றது: எழுத்துருக் கோப்புறை முழுவதையும் அழி.

"கணினி எவ்வளவு லேசாயிருச்சு பாரு" என்று நேற்று அவர் சொன்னது இப்போதுதான் உறைத்தது. டீச்சருக்கு வந்ததே கோபம்! கணவரின் கைபேசியை எடுத்து, அவர் பெயரிலேயே எழுதினார்: "நான்தான் அழித்தேன். குப்பை என்று நினைத்துவிட்டேன். எப்படித் திரும்பக் கொண்டுவருவது?"

ஒரே ஒரு வரிக் கட்டளை பதிலாக வந்தது. எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினார். கடவுச்சொல் கேட்டது. கணவரின் பெயர்தான், வேறென்னவாக இருக்கும்? திரை பழையபடி உயிர்பெற்றது. பத்தடிக்க மூன்று நிமிடம் இருக்கையில் கேள்வித்தாள் போய்ச் சேர்ந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் திரையைப் பார்த்தார்.

"பாத்தியா? கொஞ்சம் ஆறவிட்டதும் தானா வந்துருச்சு."

டீச்சர் கைபேசியை நீட்டினார். "நான்தான் அழித்தேன்" என்ற வரியின் கீழே பதினொரு பேர் ‘பயனுள்ளது’ என்று குறித்திருந்தார்கள்.